தொட்டியில் குறைந்தவர்கள்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மடிப்பு' என்றால் அவள்தான். ஆவியும் சோப்பு நெடியும் மண்டிக் கிடக்கும் கூடம் அது. பெரிய உருளைகளுக்கு நடுவே புகுந்து சுடச்சுட வெளியே வரும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அவள் மடித்து அடுக்கினால், அடுக்கின் ஓரம் கத்தியால் நறுக்கிய மாதிரி நிற்கும். வீட்டிலும் அதே வியாதிதான். கைக்குட்டையோ, மருந்துக்கடையில் தரும் காகிதப் பையோ, எது கையில் அகப்பட்டாலும் நான்காக மடித்துவிட்டுத்தான் மறுவேலை. மனத்துக்குள் கிடந்த பயத்தையும் அவள் அப்படித்தான் மடித்து மடித்துச் சிறிதாக்கி வைத்திருந்தாள்.

கணவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்காரன். வருஷத்தில் முக்கால்வாசி கடலோடு குடித்தனம். மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் மிச்சமிருந்தது அவளும் அத்தையும். அத்தை என்றால் மாமியார். பணியிலிருந்த காலத்தில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய நாற்காலிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இருக்காது. உறவுக்காரர்களில் பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். மடிப்பின் கைப்பேசியோ, வேலை நேரம் முழுவதும் சலவைக்கூடத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆக, உலகத்துச் செய்தி எதுவானாலும் அத்தையின் காது வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

போன விடுப்பில் வந்தபோது அவன் ஒரு கண்ணாடித் தொட்டியையும், அதற்குள் விட ஒரு பிராணியையும் வாங்கி வந்தான். ஆக்சலாட்டல் என்றான். அத்தைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மீனும் இல்லை, பல்லியும் இல்லை. ஒரு சாண் நீளம். பிறந்த குழந்தையின் உள்ளங்கை நிறம். விரல் முளைத்த நான்கு குட்டிக் கால்கள். தலைக்கு இரு பக்கமும் சிவப்பு இறகு செருகினாற்போலச் செவுள்கள். வாய் எப்போதும் சிரித்தபடியே இருக்கும். கண்ணுக்கு இமை கிடையாது. தவளைக்குத் தூரத்துச் சொந்தமாம். ஆனால் தவளைக்குஞ்சு வளர்ந்து கரையேறிவிடும். இது ஆயுசு முழுக்கக் குஞ்சாகவே தண்ணீரில் கிடக்குமாம்.

"காலை கையை அசைக்காம, உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வரணும்னு இருக்கு பாரேன். எங்க நிலையத்துல ஒரு ஆபீசர் இருந்தார், அச்சு இதே மாதிரி" என்றார் அத்தை.

அன்றிலிருந்து அது ஆபீசர் ஆயிற்று.

ஆபீசருக்குச் சூடு ஆகாது. தண்ணீர் எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும். அதனால் மடிப்பு வேலைக்குக் கிளம்புமுன் குளிர்பெட்டியில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துவிட்டுப் போவாள். வெயில் ஏறியதும் அத்தை அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்க விடுவார். பகலெல்லாம் கொதிக்கும் துணியைத் தொட்டுத் தொட்டுச் சிவந்த கைகளோடு வீடு திரும்பி, தொட்டிக்குள் முழங்கைவரை விடும்போது மடிப்புக்கு உடம்பே கூசும். அந்தக் குளிர் தண்ணீரின் குளிராகத் தெரியாது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல இருக்கும்.

அவன் கப்பலேறிய பிறகு அத்தைக்கு ஒரு ஆசை பிறந்தது.

"ஏம்மா, இது செத்த மாதிரியே கிடக்கு. பார்த்துக்கிட்டே உட்கார்ந்தா எனக்கே மூச்சு நின்னுடும் போல இருக்கு. கூட நாலு சின்ன மீன் ஓடட்டுமே."

மீன்கடைக்காரர் அதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, அது கூட சின்ன மீனை விட்டா, உங்களுக்குத்தான் அது மீன் தொட்டி. அதுக்குச் சாப்பாட்டுத் தட்டு. வாய்க்குள்ள அடங்கற எதையும் அது விடாது."

"அப்ப வாய்க்குள்ள அடங்காத மீனாக் கொடுங்க."

"அது இன்னும் மோசம். பெரிய மீன் இதோட செவுளைப் புழுன்னு நினைச்சுக் கடிச்சுக் குதறிடும். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தொட்டியில யாராவது ஒருத்தர் அழத்தான் போறாங்க. பார்த்துக்கங்க."

ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே! குளிர்ந்த தண்ணீரில் பிழைக்கும் ஓடை மீன்கள் ஒரு பிடியைப் பையில் கட்டிக் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளிக் கீற்றுகள். வால் நுனியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. பெற்ற தாய்கூட அடையாளம் சொல்ல முடியாது.

ஆனால் அத்தை சொன்னார்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரே மாலைப்பொழுதில் பாதிக் குடும்பத்தை உள்ளே இறக்கிவிட்டார்.

"அதோ, சாப்பாட்டைக் கண்டதும் முதல்ல ஓடுது பாரு, அது என் தம்பி. பந்தியில முதல் ஆளா உட்கார்ந்துட்டு, கடைசி ஆளா எழுந்திருப்பான். இது நம்ம டீச்சர். பாரேன், கூட்டத்தை விட்டு விலகி நின்னு எல்லாரையும் கண்காணிக்குது."

டீச்சர் என்பவர் அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை. மடிப்பின் கணவனுக்குச் சித்தி.

"அந்த அலையறது யாரு அத்தை?"

"அது வீட்டு ஓனர். மூணு மாடியும் எனக்குத்தான்னு மேலயும் கீழயும் சுத்துது. அது பங்காளி, எப்பவும் மூலையில முறைச்சுக்கிட்டு. இவன் நம்ம பையன்."

"நான் எங்க?"

"அவன் வாலைப் பிடிச்சுக்கிட்டே ஒண்ணு போகுதே, அதுதான் நீ."

இருவரும் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீரே குலுங்கியது. அடியில், கவிழ்த்து வைத்த மண்சட்டியின் வாயிலில், ஆபீசரும் சிரித்த வாயோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் பெயர் வைக்காத மீன்கள்தான் போயின. காலையில் எண்ணினால் ஒன்று குறையும். "அது யாருமில்ல, சும்மா மீன்" என்பார் அத்தை. ஆபீசர் வேட்டையாடுவதை மடிப்பு ஒரே ஒரு முறை பார்த்தாள். துரத்தவில்லை, பாயவில்லை. பக்கத்தில் மீன் வந்தது. வாய் திறந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அடுத்த கணம் அந்த இடத்தில் மீன் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. மற்ற மீன்கள் எதுவுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டு, "என் தம்பியைக் காணோமே" என்றார். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். பிற்பகலில் திரும்பி வந்தபோது அத்தை அதே நாற்காலியில், அதே சேலையில், சாப்பிடக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானம் போன் வந்துச்சும்மா. நிஜமாவே போயிட்டான்."

தற்செயல். வேறென்ன? கிழவர் நெஞ்சுவலிக்காரர். போய் அழுதுவிட்டு வந்தார்கள். மடிப்பும் அந்த எண்ணத்தை நான்காக மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மாலை. துணி உலர்த்திக்கொண்டிருந்தவளை அத்தை கூப்பிட்டார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அந்தக் காலத்தில் இணைப்புக் கொடுக்கும்போது பேசும் குரல்.

"இங்க வா. டீச்சர் இல்ல."

அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்துதான் இருந்தது. "எப்படி அத்தை டீச்சர்னு தெரியும்?"

"தெரியும்." அத்தை திரும்பவில்லை. "டீச்சர் இல்லம்மா. போயிட்டா. நாளாச்சு, நாம போய் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது."

அவளுடைய கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது. எது மீன், எது மனுஷி, எதை நினைத்து அழுவது என்றே புரியவில்லை அந்தப் பேதைக்கு! டீச்சர் சித்தி அவள் கல்யாணத்தில் அவள் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்தவள். உடம்புக்கு முடியாமல் இருந்தாள் என்பதுகூட மடிப்புக்குத் தெரியாது. தொட்டிக்குத் தெரிந்திருக்கிறது!

மூன்றாவது நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு காலை தொட்டிக்கு வெளியே, தரையில், ஒரு மீன் துள்ளி விழுந்து காய்ந்து கிடந்தது. அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "அடப்பாவமே, ஓனர்!" என்றார். அன்று மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசலில் வீட்டு ஓனர்! மடிப்பு வீறிட்ட வீறலில் மனிதர் இரண்டு படி பின்வாங்கி விட்டார்.

"என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி கத்தறே? கீழ் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கு, உங்க மீன் தொட்டி ஒழுகுதான்னு பார்க்க வந்தேன்."

"உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"இருந்துச்சு. நீ கத்தற வரைக்கும்."

அவர் போன பிறகு அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப அது ஓனர் இல்லம்மா. ஓனர்னு சொன்னது சும்மா மீனோட மீனா எப்பவோ போயிடுச்சு. நான்தான் ஆள் மாத்திச் சொல்லிட்டேன்" என்று தொட்டிப் பக்கம் திரும்பியவர், சிரிப்பு அப்படியே வடிந்து, "பங்காளி" என்றார். "வீட்டை விட்டுப் போயிட்டானாம். எங்கன்னு யாருக்கும் தெரியல."

இங்கே கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் மடிப்புக்கு விஷயம் அப்போதே விளங்கியிருக்கும். ஆனால் பயந்தவளுக்கு யோசிக்கவா நேரம்? அவள் கண் தொட்டிக்குள் எஞ்சியிருந்த இரண்டு வெள்ளிக் கீற்றுகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. ஒன்று முன்னால் போனது. மற்றது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனது.

அவனிடமிருந்து பேச்சு வந்து நெடுநாளாகியிருந்தது. அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் மட்டும் வரும்.

"நடுக்கடல்ல டவர் ஏதும்மா?" என்பார் அத்தை.

"கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"பெண்டாட்டி நொய்நொய்னு கேக்கறான்னு அவனுக்குத்தான் கெட்ட பேரு. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. முதலில் அவனுடைய மீனை மட்டும் ஊறுகாய் ஜாடிக்குள் விட்டுக் காப்பாற்றப் பார்த்தாள். இரண்டில் எது அவன்? முன்னால் போனதைப் பிடித்தாள். கூட்டத்தோடு பழகிய அந்த மீன் தனியே ஜாடியின் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு இரை எடுக்க மறுத்தது, நிறம் வெளிறியது. பதறிப்போய்த் திரும்பத் தொட்டியிலேயே விட்டாள். விட்டதும் இரண்டும் கலந்து சுழன்றன. இனி எது அவன், எது தான்? அவளுக்கே தெரியாமல் போயிற்று.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. பசித்தால்தானே தின்னும்? பசிக்கவே விடக்கூடாது! மருத்துவமனைத் தோட்டக்காரரிடம் சொல்லி வைத்து, மண்புழுக்களை ஈரமண்ணோடு டப்பாவில் வாங்கி வந்தாள். காலையில் எழுந்ததும் ஆபீசருக்குப் புழு. வேலை முடிந்து வந்ததும் புழு. தான் சாப்பிட்டாளோ இல்லையோ, ஆபீசர் சாப்பிட்டாக வேண்டும். இடுக்கியில் நெளியும் புழுவை நீட்டும்போது, "போதுமா? இன்னும் வேணுமா? அவரை மட்டும் விட்டுடு" என்று தண்ணீரிடம் கெஞ்சுவாள். அத்தை நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. சில நேரம் ஏதோ சொல்ல வாய் திறந்து, தொட்டிக்குள் இரண்டு மீனும் இருப்பதைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொள்வார்.

சலவைக்கூடத்தில் கூட வேலை செய்த உருளைக்காரி ஒருநாள் கேட்டே விட்டாள். "என்ன மடிப்பு, விரிப்பெல்லாம் கோணல்மாணலா இருக்கு? யாரு நெனப்பு?"

"புழு நெனப்பு."

"கப்பல்காரன் நெனப்புன்னு சொல்லுவேன்னு பார்த்தா, புழுவா? நீ தேறமாட்ட, போ!"

ஆபீசரின் வயிறு பருத்தது. அது மண்சட்டியை விட்டு நகருவதையே நிறுத்திவிட்டது. மீன்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது. முன்பெல்லாம் மேல்மட்டத்திலேயே சுற்றியவை இப்போது கீழே இறங்கி, அந்தச் சிவப்பு இறகுகளுக்குள் புகுந்து புறப்பட்டன. ஒரு மாலை அவள் உற்றுப் பார்த்தாள். இரண்டு மீனும் ஆளுக்கொரு பக்கம் நின்று செவுளைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தன. நூல் நூலாகப் பிய்ந்தது. ஆபீசர் சிரித்த வாயோடு கிடந்தது. இமையில்லாத கண்ணால் அவளையே பார்த்தது.

மீன்கடைக்காரரிடம் ஓடினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே! போன செவுள் திரும்ப முளைக்கும், அதோட உடம்பு வாகு அப்படி. ஆனா முளைக்க முளைக்கக் கடிச்சா அதுவும் எத்தனை நாள் தாங்கும்? மீனை எடுத்துடுங்க. இங்க கொண்டாந்து விடுங்க, நான் வேற கூட்டத்துல சேர்த்துடறேன்."

"மீன் வீட்டை விட்டுப் போகக் கூடாதுங்க."

"ஏங்க?"

சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் தன் பயம் உடைந்து, உடைந்த இடத்தின் வழியாக ஏதாவது நடந்துவிட்டால்? வந்த வழியே திரும்பினாள்.

அடுத்த வாரம் மருத்துவமனை வாசலில் ஒரு பெண் அவளை வழிமறித்தாள். டீச்சர் சித்தியின் மகள். யாரையோ பார்க்க வந்திருக்கிறாள். கையில் பழப்பை. முகத்தில் கடுகடுப்பு.

"என்ன அண்ணி, அடையாளம் தெரியுதா? இல்ல, அதுவும் மறந்து போச்சா?"

"ஏன் அப்படிப் பேசறே? சித்தி போனது எங்களுக்கு ரொம்ப தாமதமாத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்ப நான் அழுத அழுகை..."

"தாமதமாவா? அம்மா கண்ணை மூடின அதே மணி நேரத்துல பெரியம்மாவுக்குப் போன் பண்ணது நான். இந்த வாயால சொன்னேன். 'சரிம்மா, மருமக கிட்ட சொல்றேன்'னாங்க. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. அண்ணி வருவாங்க, அண்ணி வருவாங்கன்னு எல்லாரையும் காக்க வச்சேன்."

"அதே மணி நேரத்துலயா?"

"ஆமா. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு நீங்க அழுதுக்கிட்டே பேசறீங்க. எனக்கு ஆத்திரம் வருமா, வராதா?"

மடிப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டு நின்றவளே திடுக்கிட்டாள். ஏனென்றால் அண்ணியின் முகத்தில் அழுகைக்குப் பதிலாக ஒரு வெளிச்சம்! மன்னிப்புக் கேட்டாள், அவசரமாகக் கேட்டாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

இவ்வளவுதானா! தொட்டிக்கு எதுவும் தெரியாது! செய்தி முதலில் வந்திருக்கிறது. மீன் பிறகு போயிருக்கிறது. சொல்லத் தெரியாத அத்தை, எந்த மீன் போனாலும் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டி விட்டிருக்கிறார். ஓனரைப் பங்காளியாக மாற்றியதும் அப்படித்தான்! தெருவென்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள் அவள். அவன் உயிர் எந்த மீனின் வயிற்றிலும் இல்லை. கடலில் சுகமாக இருக்கிறான். இன்றைக்கே அந்த இரண்டையும் பிடித்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். பாவம் ஆபீசர்!

முனை திரும்பும்போது அந்தச் சிரிப்பு நின்றது.

மீன் போனால்தான் அத்தை செய்தி சொல்வார்.

அவள் புழு போட ஆரம்பித்த பிறகு மீன் போகவே இல்லை.

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். சொல்ல வாய் திறந்து திறந்து மூடிக்கொண்ட அத்தையின் முகம் ஒவ்வொரு படியிலும் அவளுக்கு முன்னால் நின்றது.

கதவு திறந்தே இருந்தது. அத்தை நாற்காலியில் இல்லை. தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வந்துட்டியா? இங்க பாரு." அதே ஏற்ற இறக்கமில்லாத குரல். "அவனைக் காணோம்."

அவள் பார்த்தாள். தொட்டிக்குள் இரண்டு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பட்டப்பகல் வெளிச்சம். ஒன்று, இரண்டு.

"அத்தை, ரெண்டும் இருக்கே."

"அவனைக் காணோம்மா."

"ரெண்டும் இருக்கு அத்தை! இதோ! இதோ!" கண்ணாடியை விரலால் தட்டினாள். "யார் போன் பண்ணினாங்க? எப்ப? செத்துட்டாரா? சொல்லுங்க, என்னோட நல்ல அத்தை இல்லையா, சொல்லுங்க!"

அத்தை தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, தரையில்தான் உட்கார்ந்தார்.

"செத்திருந்தா சொல்லியிருப்பேன்டி. அவனேதான் பேசினான். ஏதோ துறைமுகத்துல கப்பலை விட்டு இறங்கிட்டானாம். அங்க ஒருத்தி இருக்காளாம். ரொம்ப வருஷமாவாம். ஒரு குழந்தையும்... 'அம்மா, நீயே அவகிட்ட பக்குவமா சொல்லிடு'ன்னான். வச்சுட்டான்."

தொட்டியின் காற்றுக்குழாய் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"நீ புழு டப்பாவோட முதல் தடவை வந்தியே, அன்னிக்குக் காலையில."

எத்தனை வாரங்கள்! அத்தனை வாரமும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, அவரை மட்டும் விட்டுடு என்று ஒரு ஊமைப் பிராணியிடம் மன்றாடியிருக்கிறாள். பின்னாலிருந்து, எல்லாம் தெரிந்த ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மடிப்புக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆயுசு முழுக்க அடுத்தவங்க செய்தியை இந்தக் காதுல வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டவ நான். ஒரு செய்தியையும் என் வாயால சொன்னதில்ல. எனக்கு வராதும்மா. என் தம்பி விஷயத்துல மீன் முந்திக்கிச்சு. அட, இது சுலபமா இருக்கேன்னு தோணிப் போச்சு. ஒவ்வொரு நாளும் காலையில எழுந்து பார்ப்பேன், இன்னிக்காவது ஒண்ணு குறைஞ்சிருக்காதான்னு. நீ விடல. வயிறு முட்ட முட்டப் போட்டு அதைத் தூங்க வச்சுட்ட." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் பெத்தவன் பண்ணின காரியத்தை நான் எப்படிடி சொல்வேன்? சொன்னா நீயும் போயிடுவ. அப்புறம் இந்த வீட்டுல நானும் அதுவும்தான்."

அது என்று அவர் கை காட்டிய இடத்தில், பிய்ந்த செவுள்களோடு ஆபீசர் சிரித்துக்கொண்டிருந்தது.

மடிப்பு எழுந்தாள். கை கழுவினாள். புழு டப்பாவை எடுத்தாள். அத்தை அவளையே பார்த்தார். அவள் தொட்டிப் பக்கம் போகவில்லை. சன்னலைத் திறந்து, வெளியே ஓரமாக இருந்த மண் தொட்டியில் டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். நெளிந்து நெளிந்து புழுக்கள் மண்ணுக்குள் இறங்கி மறைந்தன.

"அதுக்குப் பசிக்கட்டும் அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வெளியார் பார்த்திருந்தால், இரண்டு பெண்களுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சண்டை இல்லை, ஒப்பாரி இல்லை. அவள் வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். மாலையில் அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆபீசரின் வயிறு வற்றியது. மண்சட்டியை விட்டு ஒரு காலை வெளியே வைத்தது. இன்னொரு காலை வைத்தது. அந்தக் குட்டி விரல்கள் தரையைத் தடவித் தடவி நடந்ததைப் பார்த்தபோது அத்தை அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

பெட்டி ஒன்று மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து சுவரோரம் நின்றது. அவள் அதில் எதையும் வைக்கவில்லை; திரும்ப உள்ளே தள்ளவும் இல்லை. அத்தை அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஒரு விடியற்காலையில் தொட்டிக்குள் ஒரே ஒரு மீன் இருந்தது.

அத்தைதான் முதலில் பார்த்தார். கூப்பிடவில்லை. அவள் தலையை முடிந்துகொண்டே வந்து நிற்கும்வரை காத்திருந்தார். எஞ்சிய மீன் தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றது. போனது எது? பின்தொடர இன்னொரு வால் இல்லாமல் தனித்துவிட்ட மீன், முன்னால் போகிற மீனா, பின்னால் போகிற மீனா என்று யார் சொல்ல முடியும்?

"யாரும்மா போனது?" அத்தையின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. தொலைபேசிக் குரல் எங்கோ போய்விட்டது. வாழ்நாளில் முதல் முறையாக, பதில் தெரியாத ஒரு கேள்வியை அவர் கேட்டார். அந்தப் பதிலில்தான் அவருடைய மிச்ச நாட்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

மடிப்பு நெடுநேரம் பார்த்தாள். வெள்ளிக் கீற்று. வாலில் சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான்.

"அவர்" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."

அத்தையின் தோள்கள் குலுங்கின. "நிச்சயமாத் தெரியுமா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு அத்தை. நான் சொன்னா அதுதான். இந்த வீட்டுல யார் இருக்காங்க, யார் இல்லன்னு இனிமே நான்தான் சொல்லுவேன். போன் வந்தா செய்தியை வந்த அன்னிக்கே என்கிட்ட கொடுத்துடுங்க."

அத்தை சின்னப் பிள்ளை போலத் தலையாட்டினார்.

பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பையை எடுத்துக்கொண்டாள். உறைந்த பாட்டில்கள் எங்கே இருக்கின்றன, மதியச் சாப்பாடு எதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். சலவைக்கூடத்தில் அன்றைக்கு நிறைய விரிப்புகள் காத்திருக்கும்.

பாதிப் படியில் அத்தையின் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோடு பேசுகிறார்? தொலைபேசி அடிக்கவில்லையே. நின்று காது கொடுத்தாள்.

"மருமகளே" என்று கொஞ்சும் குரலில் அழைத்துக்கொண்டிருந்தார் அத்தை. கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டும் ஓசையும் கேட்டது. "பயப்படாதே மருமகளே. அதோட வயிறு இப்ப நிறைஞ்சிருக்கு. நீ இந்தப் பக்கமா வந்து நில்லு, அத்தை பார்க்கறேன்."

மேலே திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். தொட்டித் தண்ணீருக்குள் விட்டது போல, முழங்கைவரை கை இரண்டும் சில்லிட்டிருந்தன.